மூன்று மலையூர்கள், ஒரு வாடகைக் கார், மாலை ஆறரைக்குக் கிளம்பும் கப்பல்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் உங்கள் கப்பல் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்குக் காலை 7 மணிக்கு வந்து மாலை 6.30க்குப் புறப்படுகிறது. நீங்கள் நான்கு பேர், கையில் இருப்பது இந்திய ஓட்டுநர் உரிமம். கப்பலில் விற்கும் பஸ் பயணத்தை வாங்காமல், வாடகைக்குக் கார் எடுத்து நீங்களே ஓட்டி, சான் ஜிமிஞானோ, வோல்தெர்ரா, சியெனா ஆகிய மூன்று மலையூர்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்பது கேள்வி. ஆனால் அதே கேள்விக்குள் "கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகள் மத்தியதரைக் கடல் கப்பல்களில் கரைப்பயண மேசையில் வேலை பார்த்தவன் நான். மற்றவர்களுக்குப் பஸ் டிக்கெட் விற்பதுதான் தொழில். ஆனால் விடுப்பு கிடைத்த நாட்களில் இதே ஊர்களுக்கு நானே கார் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும். கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் மட்டுமே அந்தச் சாலைகளில் ஓட்டியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலப் பனிமூட்டத்தில் அங்கே எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் என் பதிலை நம்ப வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். கப்பல் 7 மணிக்கு வருகிறது என்றால் 7 மணிக்கே நீங்கள் இறங்கிவிட முடியாது. துறைமுக அதிகாரிகளின் அனுமதி வர வேண்டும், பஸ் பயணக் குழுக்கள் இறங்க வேண்டும். 7.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிவோர்னோ சரக்குத் துறைமுகமும்கூட. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கால்நடையாக வெளியே போக விடமாட்டார்கள். ஷட்டில் பஸ் ஏறி நகர மையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து கார் அலுவலகம், வரிசை, கையெழுத்து, காரைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் முடிந்து சக்கரம் உருளும்போது மணி 9.15 ஆகியிருக்கும். மாலையில் 6.30க்குக் கப்பல் கிளம்புகிறது என்றால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 6 மணி. சில கப்பல்களில் 5.30. நான் 5.20க்குப் படியேறிவிட வேண்டும் என்று திட்டமிடுவேன். அதற்கு 4.30க்கு லிவோர்னோ எல்லைக்குள் கார் வந்திருக்க வேண்டும். ஆக, காகிதத்தில் பதினொன்றரை மணி நேரம் இருந்த நாள், சாலையில் ஏழேகால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த ஏழேகால் மணி நேரத்தில் மூன்று ஊர்களைப் போட்டுப் பாருங்கள். லிவோர்னோவிலிருந்து சான் ஜிமிஞானோ ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம். அங்கிருந்து சியெனா 50 நிமிடம். சியெனாவிலிருந்து வோல்தெர்ரா ஒரு மணி நேரம். வோல்தெர்ராவிலிருந்து லிவோர்னோ ஒன்றேகால் மணி. மொத்தம் நாலரை மணி நேரம் ஓட்டத்துக்கே போய்விட்டது. ஒவ்வோர் ஊரிலும் நிறுத்துமிடம் தேடி, நிறுத்தி, ஏறி நடந்து, திரும்ப இறங்கி வர இருபத்தைந்து நிமிடம் என்றால் இன்னும் ஒன்றேகால் மணி. மிச்சம் ஒன்றரை மணி நேரம். அதை மூன்றாக வகுத்தால் ஊருக்கு அரை மணி. சாப்பாடு எந்த ஊரில் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சியெனாவை எடுத்துவிட்டால் ஓட்டம் மூன்று மணி இருபது நிமிடமாகக் குறைகிறது. நிறுத்துவது, நடப்பது போக மூன்று மணி நேரத்துக்கு மேல் இரண்டு ஊர்களுக்குக் கிடைக்கிறது. சியெனாதான் வேண்டும் என்றால் அது மட்டும் போதும். போக வர மூன்றரை மணி நேரம் காரிலேயே போகும் என்பதை ஒப்புக்கொண்டு போங்கள். சியெனா பெரிய ஊர். அதை வேறொரு பயணத்தில் இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, இரண்டு ஊர். எது முதலில்? இங்கேதான் பலர் யோசிக்காமல் வழிகாட்டிச் செயலி சொன்னதைக் கேட்கிறார்கள். லிவோர்னோவிலிருந்து உள்நாட்டுக்குப் போக முக்கியமான விரைவுச்சாலை ஒன்று இருக்கிறது. புளோரன்ஸ் (இத்தாலியர்களுக்கு அது ஃபிரென்சே), பீசா, லிவோர்னோ மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ஃபி-பி-லி' என்பார்கள். சுங்கம் கிடையாது. பழைய சாலை, குறுகிய தடங்கள், பராமரிப்பு வேலைக்காக அடிக்கடி ஒரு தடத்தை அடைத்துவிடுவார்கள், ஒரு லாரி பழுதானால் அரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான். வேகக் கேமராக்களுக்கும் பேர் போனது. மற்றொரு வழி, கடற்கரையை ஒட்டிய அவுரேலியா நெடுஞ்சாலையில் தெற்கே செச்சினா வரை போய், அங்கிருந்து 68ஆம் எண் சாலையில் வோல்தெர்ராவுக்கு ஏறுவது. இது அமைதியான சாலை. வழியில் சாலினே என்ற ஊர். பெயருக்கு ஏற்ப உப்பு எடுக்கும் ஊர். மற்றபடி உழுத வயல்களும் சைப்ரஸ் மரங்களும்தான்.

எந்தச் சாலையை நம்ப முடியாதோ அந்தச் சாலையைக் காலையில் எடுங்கள். காலையில் நாற்பது நிமிடம் தாமதமானால் நீங்கள் இழப்பது ஒரு தேவாலயத்தையோ ஒரு காபியையோதான். அதே நாற்பது நிமிடம் மாலையில் போனால் இழப்பது கப்பலை. ஆகவே காலையில் ஃபி-பி-லி வழியாக எம்போலி பக்கம் போய் இறங்கி, எல்சா பள்ளத்தாக்கில் காஸ்தெல்ஃபியோரென்தினோ, செர்தால்தோ ஊர்களைக் கடந்து சான் ஜிமிஞானோ. பிறகு 30 கிலோமீட்டர் மேற்கே வோல்தெர்ரா. அங்கிருந்து 68ஆம் சாலையில் இறங்கி, செச்சினா, அவுரேலியா வழியாக லிவோர்னோ. இந்தச் சுற்றில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நேரம் கெட்டுவிட்டால் வோல்தெர்ராவில் நிற்காமல் அதன் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு கீழே போய்விடலாம். அது எப்படியும் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

காரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. துறைமுகத்துக்கு அருகில் உள்ள லிவோர்னோ அலுவலகங்கள் சிறியவை. மதியம் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதும், சனிக்கிழமை அரை நாளோடு மூடுவதும், ஞாயிற்றுக்கிழமை திறக்காததும் அங்கே சாதாரணம். உங்கள் கப்பல் வரும் தேதி என்ன கிழமை என்று எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள். ஞாயிறாக இருந்தால் பீசா விமான நிலையத்தில்தான் கார் எடுக்க வேண்டும். டாக்ஸியில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலும் இருக்கிறது: லிவோர்னோ மத்திய நிலையத்திலிருந்து பீசா மத்திய நிலையம் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஓட்டுநர் இல்லாத சிறு ரயில் ஐந்து நிமிடம். ஆனால் இந்த மாற்று ஏற்பாடு காலையிலும் மாலையிலும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தைத் தின்னும். அப்போது ஊர் ஒன்றுதான். வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். பருவத்துக்குப் பருவம், வாரத்துக்கு வாரம் மாறுவது அது. நான் ஓர் எண்ணைச் சொன்னால் அது உங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். தானியங்கி கியர் கார் வேண்டுமானால் முன்பதிவிலேயே கேளுங்கள். இத்தாலியில் சாதாரணமாகக் கிடைப்பது கையால் மாற்றும் கியர், அதுவும் உங்கள் வலது கையில் இருக்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர் முதல் நாளே இடது கைப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். சுற்றுச்சந்திகளில் வண்டிகள் நமக்கு எதிர்த்திசையில் சுழலும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. முதல் பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவர் "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தால் நல்லது. என் மனைவி இன்றும் சொல்கிறார்.

இந்திய உரிமம் மட்டும் போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் புறப்படுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் மூலம் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும், அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் மதிப்பு. அது இல்லாமலே கார் கொடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கலாம். கார் கொடுப்பவர் கேட்காததால் சாலையில் நிறுத்தும் போலீஸும் கேட்க மாட்டார் என்று ஆகிவிடாது. ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும். முன்பணத்தை அதில்தான் முடக்கி வைப்பார்கள். டெபிட் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. இன்னொன்று, கப்பலில் போகிறவர்களுக்கே உரிய சிக்கல்: சில கப்பல்களில் பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கார் அலுவலகத்தில் பாஸ்போர்ட் கேட்பார்கள். முந்தின இரவே வரவேற்பு மேசைக்குப் போய், நாளை கார் எடுக்கப்போகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஏழே முக்காலுக்கு அந்த மேசையில் நிற்கும் வரிசையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இத்தாலியில் கார் ஓட்டுபவருக்கு வரும் பெரிய அடி விபத்தில் வருவதல்ல, தபாலில் வருவது. பழைய ஊர்களின் மையப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். 'சோனா த்ராஃபிகோ லிமித்தாத்தோ' என்பது முழுப்பெயர். ZTL என்று மூன்று எழுத்துகளாகச் சுருக்கி எழுதியிருப்பார்கள். வெள்ளை வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு வளையம், அருகே ஒரு கேமரா. சில இடங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிரும். 'வாசல் இயங்குகிறது' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். வாசல் திறந்திருக்கிறது போலும் என்று நினைத்து நுழைந்த பயணிகள் ஏராளம். தடை நடைமுறையில் இருக்கிறது, உள்ளே வராதே என்பதுதான் அதன் கருத்து. நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நுழைந்த பிறகு தவறு தெரிந்து, பதற்றத்தில் சுற்றி வந்து வேறொரு கேமராவையும் கடந்தேன். பத்து மாதம் கழித்து வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அதற்கு முன்பே, என் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனம் தன் கட்டணத்தை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அது அபராதத்தில் சேராது. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கடிதம் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 விழுக்காடு குறையும். ஆக, ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிவிட்டது, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்.

இதற்கு நான் கண்ட வழி எளிது. செயலியில் ஊர்ப்பெயரைப் போடாதீர்கள், நிறுத்துமிடத்தின் பெயரைப் போடுங்கள். 'சான் ஜிமிஞானோ' என்று போட்டால் அது ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்துக்கு இழுக்கப் பார்க்கும். அந்த ஊரில் கோட்டைச் சுவருக்கு வெளியே எண் போட்ட நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. தெற்கு வாசலான போர்த்தா சான் ஜொவான்னிக்கு மிக அருகில் இருப்பது மோன்தெமாஜ்ஜோ, முதலில் நிரம்புவதும் அதுதான். ஜூபிலேயோ என்பது சற்றுத் தள்ளிக் கீழே இருக்கிறது, விலை குறைவு, ஏற்றம் நடக்க வேண்டும். வோல்தெர்ராவில் மார்தீரி தெல்லா லிபெர்தா சதுக்கத்துக்கு அடியில் நிலத்தடி நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து மேலே வந்தால் ஊருக்குள் வந்துவிட்டீர்கள். சாலையோரம் நிறுத்துவதானால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் என்றால் பணம், வெள்ளை என்றால் பெரும்பாலும் இலவசம், மஞ்சள் உங்களுக்கல்ல.

சாலைகளைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. மலையூர் என்றதும் கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சான் ஜிமிஞானோ கடல் மட்டத்துக்கு 324 மீட்டர் மேலே, வோல்தெர்ரா 530 மீட்டரை ஒட்டி. குன்றுகள்தான். வளைவுகள் உண்டு, பின்னால் ஓர் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. இடம் கிடைத்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அவருக்கு வேலை இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஊருக்குள் 50, வெளியே சாதாரணச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகம். பச்சை வழிப்பலகை சுங்கச்சாலைக்கு, நீலம் சாதாரணச் சாலைக்கு.

சான் ஜிமிஞானோவில் என்ன பார்ப்பது? ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம். இப்போது நிற்பவை 14. ரோமுக்கு நடந்து போன யாத்திரிகர்களின் பாதையில் இருந்ததால் பணம் சேர்ந்தது, பணம் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றையொன்று விஞ்சக் கோபுரம் எழுப்பின. 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரை முறித்தது. சில ஆண்டுகளில் புளோரன்ஸின் ஆட்சிக்குள் போனது. அதன்பின் இடித்துக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது. 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நகராட்சி மாளிகையை ஒட்டிய 54 மீட்டர் 'பெரிய கோபுரம்' ஏறலாம். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அதையும், சுவரெல்லாம் ஓவியமாக இருக்கும் கொலேஜாத்தா தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். பத்தரை மணிக்கு மேல் பஸ் குழுக்கள் பிரதான தெருவை நிறைத்துவிடும். அந்தக் குழுக்களை அனுப்பிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு. பக்கத்துச் சந்து ஒன்றில் திரும்பினால் ஆளே இருக்க மாட்டார். வியாழக்கிழமையானால் சந்தை வேறு சேர்ந்துகொள்ளும்.

என் மனம் வோல்தெர்ரா பக்கம்தான். ரோமானியருக்கு முன்பே இந்தப் பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் வேலத்ரி என்று அழைத்த ஊர் அது. அவர்கள் காலத்து வாசலான போர்த்தா அல்லார்கோவின் வளைவில் முகம் தேய்ந்த மூன்று கல்தலைகள் இன்னும் எட்டிப் பார்க்கின்றன. அவை யாருடைய தலைகள் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சுவருக்கு வெளியே ரோமானிய நாடக அரங்கு. மேலே சாலையிலிருந்து பார்த்தாலே முழுதும் தெரியும், டிக்கெட் தேவையில்லை. குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் 'மாலை நிழல்' என்று பெயர் பெற்ற, மெலிந்து நீண்ட வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அலபாஸ்டர் கல்லைக் கடையும் பட்டறைகளின் கதவுகள் திறந்தே இருக்கும், வெள்ளைத்தூள் படிந்த ஆட்கள் உள்ளே. மதியம் இரண்டரைக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒயின் விஷயத்தில், ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது எல்லை. உங்கள் நால்வரில் ஓட்டுபவர் குடிக்காமலே இருந்துவிடட்டும்.

மூன்றேகாலுக்கு வோல்தெர்ராவை விட்டு இறங்கிவிடுங்கள். இந்த ஒரு நேரத்தை மட்டும் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிரப்புவதை லிவோர்னோவுக்கு வெளியே அவுரேலியாவிலேயே முடித்துவிடுங்கள். 'பென்சீனா' என்பது பெட்ரோல், 'கசோலியோ' என்பது டீசல். ஆள் வந்து நிரப்பும் பம்பில் விலை கூடுதல். காரைத் திருப்பிக் கொடுக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஷட்டில் பஸ்ஸின் கடைசி நேரத்தைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். அது கப்பல் கிளம்பும் நேரத்தை ஒட்டி இருக்காது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு: கப்பல் நிறுவனமே நடத்தும் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. ஒரு மாலை, கப்பலில் ஏறும் பாலத்தை எடுத்துவிட்ட பிறகு ஒரு தம்பதி கரையில் ஓடி வந்ததை மேல்தளத்திலிருந்து பார்த்தேன். கைகாட்டினார்கள். பயணிகள் சிலர் இங்கிருந்து கைதட்டினார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களிடம் பாஸ்போர்ட் இருந்ததால் மறுநாள் அடுத்த துறைமுகத்தில் வந்து ஏறிக்கொண்டார்கள், செலவு அவர்களுடையது. தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்துக் கப்பல் முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் சிக்கிக்கொண்டால் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான். உங்கள் அடுத்த நிறுத்தம் ரோமுக்கான சிவித்தவெக்கியா என்றால் லிவோர்னோ மத்திய நிலையத்திலிருந்து கடற்கரை ரயிலில் சில மணி நேரத்தில் போய்விடலாம். பார்சிலோனாவோ மார்செய்யோ என்றால் விமானம் தேட வேண்டும். அப்படியானால் வோல்தெர்ராவிலிருந்து மூன்றேகாலுக்குப் பதில் இரண்டே முக்காலுக்கே கிளம்பிவிடுங்கள். கடைசியாக, உங்கள் டிக்கெட்டில் 'புளோரன்ஸ், பீசா' என்று மட்டும் போட்டிருந்தால் துறைமுகம் லிவோர்னோதானா என்று மீண்டும் ஒருமுறை பாருங்கள். சில கப்பல்கள் அதே பெயரைச் சொல்லி வடக்கே லா ஸ்பெத்சியாவில் நிற்கின்றன. அங்கிருந்து சான் ஜிமிஞானோ போகவே இரண்டு மணி நேரம் ஆகும், இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.